படத்தில் இல்லாத கம்பிகள்

நான் வரைந்த படத்தில் அந்தப் பதினாறு கம்பிகளும் இல்லை.

கட்டம் போட்ட தாளில், ஒரு கட்டம் ஓர் அடி என்று வைத்து, எங்கள் மொட்டை மாடியை அளந்து வரைந்திருந்தேன். படி ஏறி வரும் இடம், கைப்பிடிச் சுவர், தண்ணீர்த் தொட்டி, மழைத்தண்ணீர் இறங்கும் குழாய் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. தெற்குப் பக்கம், பன்னிரண்டு அடிக்குப் பத்தடியில் மரப்பந்தல். நாலு கால். கால்களின் மேல் இரண்டு உத்திரம். உத்திரத்தின் மேல் குறுக்காகப் பதினேழு சட்டங்கள், முக்கால் அடிக்கு ஒன்று. அதற்கு மேல் கீற்றோ ஓடோ எதுவும் கிடையாது. சட்டங்களுக்கு நடுவே வானம் தெரிய வேண்டும். ஒரு காலில் முல்லை ஏற வேண்டும்.

ஆசாரி கருத்தக்கண்ணன் தாளை நேராகப் பார்த்தார், பிறகு தலைகீழாகவும் ஒரு தரம் பார்த்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். காதில் செருகிய பென்சிலை எடுத்து நாலு கால்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டார்.

“படம் நல்லா இருக்கு டீச்சர். காலு எதுல நிக்கிது?”

“நாலு பெரிய தகர டின்னுல. டின்னுக்குள்ள காங்கிரீட்டப் போட்டு, நடுவுல கால நட்டுட்டா அசையாதுல்ல?”

“அசையாது. ஆடிக் காத்து அடிக்கிற வரைக்கும் அசையாது. அப்புறம் டின்னோட பறந்து செல்லூர்க் கம்மாய்ல போயி விழும். நீங்க பஸ் ஏறிப் போயித்தான் எடுத்துட்டு வரணும்.”

என் கணவர் நல்லகாமன் சிரித்துவிட்டார். அவர் பக்கத்து மில்லில் ஸ்டோர் கீப்பர். எந்தப் பொருளும் ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும் அவருக்கு. ஆனால் இந்தப் படத்தைப் போன வாரம் காட்டியபோது டின்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்போதே எனக்கு அது உறுத்தியது.

“அப்ப தளத்துல குழி எடுத்து நட்டுருவமா?” என்றேன்.

“தட்டோடு பதிச்ச தளம் டீச்சர். ஒரு கல்லப் பேத்தாலும் அடுத்த மழைக்கு உங்க அடுப்படியில சொட்டும். குழம்புக்குத் தண்ணி ஊத்த வேண்டியதில்ல.” பேசிக்கொண்டே தென்மேற்கு மூலைக்குப் போனார். அங்கே தளத்தைத் தாண்டி நின்ற தூணின் தலையிலிருந்து நாலு கம்பிகள் இடுப்பளவுக்கு நின்றன. அவற்றில் ஒன்றை அளவுகோலால் தட்டினார். மந்தமாக ஒரு சத்தம் வந்தது. “இம்புட்டு அருமையா நாலு தூணு நிக்கிது. இத விட்டுட்டு டின்னத் தேடுறீங்களே.”

என் கணவர் கைப்பிடிச் சுவர்ப் பக்கம் நகர்ந்தார்.

நாங்கள் விளாங்குடியில் இந்த வீட்டைக் கட்டியது எழுபத்தொன்றில். அப்போது சுற்றிலும் வயல்தான். கல்யாணமாகி ஐந்து வருடம் ஆகியிருந்தது, எனக்கு இருபத்தொன்பது வயது. தளம் போட்ட அன்று மேஸ்திரி என் கணவரிடம், “தூண்ல கம்பிய மடக்கிரவா, விட்டு வைக்கவா அண்ணே?” என்று கேட்டார். “விட்டு வைங்க. பின்னாடி பிள்ளைகளுக்கு மேல ஒரு தட்டு ஏத்திக்கிருவோம்,” என்றார் இவர். சித்தாள்களெல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. ஒரு தூணுக்கு நாலு, நாலு தூணுக்குப் பதினாறு. இந்தப் பக்கத்தில் யார் வீட்டைப் பார்த்தாலும் மாடியில் இப்படிக் கம்பி நிற்கும். பையன் வேலைக்குப் போனதும் ஒரு நாள் அவை காணாமல் போய், அந்த இடத்தில் ஓர் அறை வந்திருக்கும்.

எங்கள் வீட்டில் அவை அப்படியே நின்றன.

“வருசத்துக்கு ஒரு தடவ சிமெண்டப் பால் மாதிரிக் கரைச்சு அடிச்சிருங்க, துரு ஏறாது,” என்று மேஸ்திரி சொல்லிவிட்டுப் போயிருந்தார். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் நாளில் அதையும் செய்வோம். முதல் வருடம் என் கணவர் கேட்டுத்தான் கரைத்துக் கொடுத்தேன். அடுத்த வருடத்திலிருந்து அவர் கேட்பதற்கு முன்பே கரைத்துத் தகர வாளியில் மாடியில் வைத்துவிடுவேன். அவர் கேட்டால் நான் பதில் சொல்ல வேண்டும். பதில் சொன்னால் அதைப் பற்றிப் பேச வேண்டி வரும். அவர் வந்து, வாளியைப் பார்த்து, வெள்ளையடிக்கும் மட்டையைத் தோய்த்து, ஒவ்வொரு கம்பியாகப் பூசுவார். ஒரு கம்பியைக்கூட விட மாட்டார். இப்படி ஒவ்வொரு பொங்கலுக்கும். சுண்டுவிரல் தடிமன் இருந்த கம்பிகள் பெருவிரல் தடிமனுக்கு வந்துவிட்டன.

இடையில் பிள்ளைக்காக மருத்துவர்களைப் பார்த்தோம். எழுபத்தேழில் திருச்சிக்குப் போய் ஒருவரைப் பார்த்தது கடைசி. அவர் இருவரிடமும் நிதானமாக எல்லாவற்றையும் விளக்கி, இனி அலைய வேண்டாம் என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் இவர் சீட்டில் சாய்ந்து மதுரை வரும்வரை கண்ணைத் திறக்கவில்லை. தூங்கவில்லை, துக்கத்தை அடக்கிக்கொண்டிருக்கிறார் என்று நான் நினைத்தேன். அதன் பிறகு வந்த பொங்கலுக்கும் சிமெண்டைக் கரைத்து வைத்தேன்.

இப்போது எனக்கு நாற்பது முடிந்துவிட்டது. பந்தல் யோசனை எனக்கு வந்தது பசுமலையில். நான் வேலை பார்க்கும் பள்ளிக்குப் பின்னால் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் பழைய பங்களா இருக்கிறது. அரைப்பரீட்சைத் தாள்களைத் திருத்த ஒரு சனிக்கிழமை அங்கே போனேன். மாடியில் மரச்சட்டங்கள் போட்ட ஒரு பந்தலுக்குக் கீழே உட்காரச் சொன்னார். வெயிலும் நிழலும் கோடு கோடாக என் மடியில் விழுந்தன. தாள்களை முடித்து நிமிர்ந்தபோது, வெகு நேரமாக நான் எதையும் நினைக்கவில்லை என்று தெரிந்தது. வீட்டு மாடியில் எனக்கு அப்படி இருந்ததே இல்லை. துணி காயப்போடப் போனாலும், வத்தல் போடப் போனாலும், அந்தப் பதினாறும் கண்ணில் படும். பதிலுக்குக் காத்திருக்கும் கேள்வி போல நிற்கும்.

பந்தல் வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது உண்மை. அந்தக் கம்பிகள் போய்விட வேண்டும் என்று ஆசைப்பட்டது அதைவிடப் பெரிய உண்மை. இரண்டாவதைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. நான் சொன்னால் அவருடைய ஆசையை நானே அறுத்தது போலாகும். அதனால்தான் டின். அதனால்தான் முல்லை. முல்லை அடர்ந்து படர்ந்தால் கம்பிகளாவது மறையும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

கருத்தக்கண்ணன் விடவில்லை. “நான் சொல்றதக் கேளுங்க. கம்பிய அரையடி விட்டு அறுத்துருவோம். அதுல இரும்புப் பட்டைய வெல்டிங் வச்சு, ரெண்டு பட்டைக்கு நடுவுல மரக்கால நிப்பாட்டி போல்ட்டு முடுக்கிட்டா, யானை வந்து முட்டினாலும் நிக்கும். காலுக்கு வேங்கை. பழைய மரக்கடையில நல்லதாப் பார்த்து எடுக்கலாம். ஆனா அண்ணே, ஒண்ணு சொல்லிப்புடுறேன். அறுத்துட்டா அறுத்ததுதான். அப்புறம் மாடி ஏத்தணும்னா ஒட்டுறதுக்குக் கம்பி பத்தாது. யோசிச்சுச் சொல்லுங்க.”

என் கணவர் கைப்பிடிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். “பொங்கலுக்கு வெள்ளையடிக்கணும். அதுக்குள்ள சொல்றேன் ஆசாரி,” என்றார்.

“சரிண்ணே. ஆமா, பெஞ்சு போடணும்னு படத்துல இருக்கு, நீளம் போடலயே. எத்தன பேரு உக்காருவீங்க டீச்சர்?”

“அதையும் சேத்துச் சொல்றேன்,” என்று படத்தை வாங்கி மடித்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை திருவாதவூரிலிருந்து மதினி வந்தாள். என் கணவரின் அக்கா, பெயர் மாயக்காள். மொச்சையும் ஒரு கட்டுக் கரும்பும் கொண்டு வந்திருந்தாள். இவர் கடைக்குப் போயிருந்த நேரம். அலமாரிமேல் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு, “என்னத்தா இது, கோழிக்கூண்டா?” என்றாள்.

சொன்னேன்.

“மழைக்கு ஒழுகுமா?”

“ஒழுகும் மதினி.”

“வெயில் உள்ள வருமா?”

“கொஞ்சம் வரும்.”

“ஓட்ட ஓட்டையாக் கூரை போடுறதுக்கு ஒரு ஆசாரி, அதுக்கு ஒரு படம். படிச்சவுக செய்யிறது எனக்கு ஒண்ணும் வெளங்கல.” மொச்சையை முறத்தில் கொட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நானும் எதிரில் உட்கார்ந்து உரித்தேன். கம்பியை அறுக்க வேண்டியிருக்கும் என்று ஆசாரி சொன்னதையும், எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னேன்.

மதினியின் கை நின்றது. “தம்பி என்ன சொன்னான்?”

“இன்னும் ஒண்ணும் சொல்லல.”

“சொல்ல மாட்டான். வாயத் தொறந்து அவன் என்னைக்கு எதச் சொன்னான்? வருசா வருசம் அந்தக் கம்பிய அவன் பாக்குற பார்வ எனக்குத் தெரியும். தண்ணி ஊத்தி வளர்க்குற மரம் மாதிரி வச்சிருக்கான். அத அறுன்னு நீ சொல்லிப்புடாதத்தா. உன்னயக் குத்தம் சொல்லல. அவன் மனசு தாங்காது, அதுக்குச் சொல்றேன்.”

அவள் அதை அன்பாகத்தான் சொன்னாள். அது இன்னும் கஷ்டமாக இருந்தது. அன்று மாலை அவளைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது, ஆசாரியை வர வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். வீட்டு வாசலுக்கு வந்ததும் அண்ணாந்து பார்த்தேன். கீழேயிருந்து பார்த்தாலும் கம்பிகள் தெரிந்தன. இன்னும் பதினைந்து வருடம் நான் வேலைக்குப் போவேன், அதற்குப் பிறகும் இந்த வாசலில் வந்து நின்று இவற்றைப் பார்ப்பேன் என்று தோன்றியது. முடிவு அங்கேயே கலைந்துவிட்டது. வேறு முடிவும் வரவில்லை.

வெள்ளையடிக்கும் நாள் வந்தது. சுண்ணாம்பு வேலைக்கு வந்த ஆள் கீழே சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தான். நான் சிமெண்ட் சாக்கைப் பிரித்தேன். வாளியை எடுத்தேன். கிளறும் குச்சியையும் எடுத்தேன். ஒரு சிரட்டை சிமெண்டை அள்ளி வாளிக்கு மேலே பிடித்துக்கொண்டு, என்னால் அதைப் போட முடியவில்லை என்று கண்டுகொண்டேன். பெரிய வைராக்கியம் ஒன்றும் இல்லை. கை திரும்பவில்லை, அவ்வளவுதான். சிரட்டையைச் சாக்கிலேயே கவிழ்த்துவிட்டு, வெறும் வாளியை மாடியில் வழக்கமான இடத்தில் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று கேட்டால் தெரியாது. ஒளித்து வைத்திருந்தால் பொய் சொன்னதாகியிருக்கும்.

அவர் மட்டையோடு வந்தார். நான் துணி எடுக்க வந்தவள் போலக் கொடியருகில் நின்றேன்.

“வாளி காலியா இருக்கு,” என்றார்.

“ஆமா.”

“சிமெண்ட் இல்லையா?”

“இருக்கு. கரைக்கல.”

வாளிக்குள் இன்னொரு முறை பார்த்தார். காலி வாளியில் பார்க்க என்ன இருக்கிறது? மட்டையை அதற்குள் போட்டார். கைப்பிடிச் சுவரில் போய் உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். மதினி சொன்னது சரி, அவருக்குத் தாங்காது, இதோ தாங்கவில்லை என்று நினைத்தேன்.

“எம்புட்டு வருசமாச்சு இதுக்கு,” என்றார்.

“எதுக்கு?”

“நீ கரைக்காம இருக்கிறதுக்கு.”

எனக்குப் புரியவில்லை. அவர் தளத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். “நாலஞ்சு வருசமா ஒவ்வொரு தடவையும், இந்தத் தடவ வேணாம்னு சொல்லிரணும்னுதான் மேல ஏறி வாரேன். வந்து பார்த்தா வாளி நெறயக் கரைச்சு வச்சிருப்ப. சரி, இவ இன்னும் நெனச்சுக்கிட்டுத்தான் இருக்கா, நாம போயி வேணாம்னா ஒடிஞ்சு போவாள்னு அடிச்சிட்டு இறங்கிப் போயிருவேன்.”

“நீங்க அடிப்பீங்களேன்னுதான் நான் கரைச்சேன்.”

“நீ கரைச்சு வச்சிருக்கியேன்னுதான் நான் அடிச்சேன்.”

இரண்டு பேரும் கம்பிகளைப் பார்த்தோம். பூசிப் பூசித் தடித்துப் போன பதினாறு கம்பிகள். முதலில் அவருக்குத்தான் சிரிப்பு வந்தது. “அடிச்ச சிமெண்டுல பின்னாடி ஒரு குளியல் ரூமு கட்டியிருக்கலாம் புள்ள,” என்றார். நான் கொடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரிப்போடு கொஞ்சம் அழுகையும் வந்தது. கீழே சுண்ணாம்பு ஆள் சுரண்டுவதை நிறுத்திவிட்டு, “அண்ணே, கூப்பிட்டீகளா?” என்று கேட்டான்.

அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். திருச்சியிலிருந்து வந்த பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு என்ன நினைத்தீர்கள் என்று கேட்டேன். அத்தனை வருடமும் கேட்காமல் வைத்திருந்த ஒரே கேள்வி அதுதான்.

“தூங்கினேன்,” என்றார்.

“நிசமாவா?”

“நல்லாத் தூங்கினேன். ஒரு வழியா முடிஞ்சதுன்னு இருந்துச்சு. இனிமே யாருகிட்டயும் போயி வரிசையில உக்கார வேணாம், உன்னய உக்கார வைக்கவும் வேணாம்னு இருந்துச்சு. திருச்சி தாண்டுற வரைக்கும்தான் முழிச்சிருந்தேன்னு நெனைக்கிறேன். நீ அழுதுக்கிட்டு வாரியோன்னு ஒரு தடவ ஓரக்கண்ணால பார்த்தேன். நீ சன்னலுக்கு வெளிய பார்த்துக்கிட்டு இருந்த. சரின்னு தூங்கிட்டேன்.”

நான் அன்று அழவில்லை. எனக்கும் அன்று ஏதோ இறங்கியது போலத்தான் இருந்தது. அவர் துக்கப்படும்போது எனக்கு இப்படி இருக்கிறதே என்று வெட்கப்பட்டு, அதை உள்ளே தள்ளிவிட்டேன். தள்ளியதை அவரிடம் இப்போது சொன்னேன். நாற்பத்தைந்து பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிவிட்டு இரண்டு பஸ் மாறி வந்து கதவைத் திறந்ததும், வீடு சத்தமில்லாமல் இருப்பது எனக்குப் பிடிக்கும் என்பதையும் சொன்னேன். இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. சொன்னால் வாய் கூசும் என்று நினைத்திருந்தேன். கூசவில்லை.

“எனக்குத் தெரியும்,” என்றார். “கதவத் தொறந்து உள்ள வந்ததும் ஒரு மூச்சு விடுவ. கேட்டுருக்கேன்.”

வருத்தம் எனக்கு இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது எப்போதோ தன் பாட்டுக்குத் தீர்ந்து போயிருக்கிறது. தீர்ந்தது தெரியாமல், அவருக்காக அதை வருடா வருடம் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் எனக்காக அதைப் பூசிக்கொண்டிருந்தார்.

பொங்கல் முடிந்த மறுநாள் மதினி மறுபடி வந்தாள். இம்முறை அவரே சொன்னார். “அக்கா, கம்பிய அறுக்கப் போறோம்.”

மதினி அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நாங்கள் இருவரும் எப்படி இருந்தோமோ தெரியவில்லை, அவள் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. தலைமுடியை அவிழ்த்து முடிந்துகொண்டாள். “அறுத்த கம்பிய என்ன செய்யப் போறீங்க?”

“பழைய இரும்புக்குத்தான் போடணும்.”

“அதெல்லாம் போட வேணாம். எனக்குக் குடு. ஆட்டுக்கு அடிக்கிற முளக்குச்சி எல்லாம் கரையான் அரிச்சுக் கெடக்கு. இது பேரன் காலம் வரைக்கும் நிக்கும்.” சொன்ன பிறகுதான் வார்த்தையைக் கவனித்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

“எட்டு ஆடுதான மதினி இருக்கு? பதினாறு எதுக்கு?” என்றேன்.

“குட்டி போடாதா?” என்றாள் சட்டென்று. மூன்று பேரும் சிரித்தோம்.

அடுத்த ஞாயிறு காலை கருத்தக்கண்ணன் வரும்போது என் கணவர் இரும்பு அறுக்கும் ரம்பத்தோடு மாடியில் தயாராக நின்றார். முதல் கம்பியைத் தானே அறுப்பதாகச் சொன்னார். அரையடிக்கு ஆசாரி சாக்பீஸால் கோடு போட்டார். சிமெண்டுப் பூச்சு முதலில் தூளாக உதிர்ந்தது, ஓடு ஓடாகப் பெயர்ந்தது. உள்ளே கம்பி துரு இல்லாமல் கறுப்பாக, வாங்கிய அன்று போலவே இருந்தது. “நல்லாத்தாண்ணே பாத்திருக்கீங்க,” என்றார் ஆசாரி. அறுக்கும்போது கம்பி அதிர்ந்தது. “அன்னக்கொடி, மேல புடிச்சுக்க,” என்றார் இவர். நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ரம்பம் போய்வரும் ஒவ்வொரு முறையும் அதிர்வு முழங்கை வரை வந்தது. கடைசியில் கம்பி என் கையோடு வந்துவிட்டது. நான் நினைத்த கனம் அதில் இல்லை.

மீதியை ஆசாரியும் அவரும் மாற்றி மாற்றி அறுத்தார்கள். மதியத்துக்குள் மாடி வேறு மாதிரி ஆகிவிட்டது. பசுமலைப் பக்கம் வரை ஒரு தடங்கலும் இல்லாமல் தெரிந்தது. நான் கீழே போய் மூன்று பேருக்கும் டீ போட்டு எடுத்துக்கொண்டு, கூடவே புதுத் தாளில் வரைந்த படத்தையும் கொண்டுவந்தேன். இதில் டின் இல்லை. கால்கள் தூணின் மேலேயே நின்றன.

கருத்தக்கண்ணன் டீயை ஊதிக்கொண்டே பார்த்தார். “சட்டத்தப் படுக்கப் போட்டிருக்கீங்க. நிக்க வச்சு அடிக்கணும் டீச்சர். வடக்கு தெக்கா ஓடவிட்டு நிக்க வச்சா, மூணு மணிக்கு மேல வெயில் சாயச் சாய நெழலு அகலமாகிக்கிட்டே வரும். நீங்க பள்ளிக்கூடம் விட்டு வாரப்ப முழு நெழலு.” காதிலிருந்து பென்சிலை எடுத்து என் பதினேழு கோடுகளையும் ஒவ்வொன்றாக மெல்லியதாகத் திருத்தினார். “மரத்துக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் அடிச்சு விடுறேன். மழை பட்டாலும் உளுத்துப் போகாது. வருசத்துக்கு ஒரு தடவ நீங்க அடிச்சுக்கங்க.”

நானும் என் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

“அது ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவ அடிச்சாப் போதாதா ஆசாரி?” என்றார் இவர்.

“போதும்ணே, என்ன அவசரம்? பெஞ்சு நீளம் இன்னும் போடலயே. எத்தன பேருக்கு?”

“ரெண்டு பேருக்கு,” என்றேன்.

“ரெண்டு பேரு உக்காந்தா நாலடி. அஞ்சரையாப் போடு,” என்றார் என் கணவர். “பரீச்சைத் தாளத் திருத்துறேன்னு சொல்லிட்டு இவ கால நீட்டிப் படுத்துருவா.”

ஆசாரி பெஞ்சின் பக்கத்தில் ஐந்தரை என்று எழுதி, அடியில் ஒரு கோடு போட்டார்.